நாப்லா தன் ஊரில் பாடாத பாட்டு

என் தங்கை நாப்லா லண்டனில் பாடினாள், பாஸ்டனில் பாடினாள், ஏழு இசைத்தட்டு போட்டாள். பக்கத்தில் ஒரு வாத்தியம்கூடக் கிடையாது, வெறும் தொண்டை. அவளைப் பற்றிப் பீற்றிக்கொள்ள எனக்கு வாய் வலிப்பதே இல்லை. ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படகுப் பாட்டை மட்டும் அயர்லாந்துக் கடலோரத்தில் எங்கள் ஊரான கார்னாவில், என் பப்பில், அவள் பாடியதில்லை.

காரணம் எங்கள் ஊர்க்காரன் மக்தாரா. அது அவன் வீட்டுப் பாட்டு. அந்தப் பாட்டில் வரும், படகோடு கடலில் மூழ்கிப் போன மூன்று பேரில் ஒருவர் அவனுடைய தாத்தா. பாட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிற இடத்தில் அடுத்தவர் அதைத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இவளோ பத்தொன்பது வயதில் அவன் அடுப்படியில் கேட்டதை, ஒரு வார்த்தை கேட்காமல் இசைத்தட்டில் பாடிவிட்டாள். இருபது வருஷமாக அவன் இவளிடம் பேசவில்லை. ஊர் உலகமே கைதட்டியும் அந்த மௌனம் இவளை அரித்துக்கொண்டே இருந்தது.

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து பப் நிறைந்திருந்தது. கால்வே நகரத்திலிருந்து வந்த ஒருவர் அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார். மூலையில் மக்தாரா. போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். பேச்சு கரகரவென்று வரும், பாட்டு போயே போய்விட்டது.

"பாட்டுக்குச் சொந்தக்காரர் உக்காந்திருக்காரு. அவர் பாடணும், இல்ல அவர் பாடுன்னு சொல்லணும்," என்றாள் நாப்லா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட முடியாதவனை இப்படியா நாலு பேர் முன்னால் இழுப்பது?

மக்தாரா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தான்.

"ரெண்டாவது சரணத்துல எங்க தாத்தா பேரையே மாத்திட்ட. இருபது வருஷமா ரேடியோவுல கேட்டுப் பல்லக் கடிச்சிட்டிருக்கேன். இன்னைக்காவது சரியாப் பாடு."

"இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அண்ணே?"

"நீ முன்னாடியே கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

நாப்லா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். எங்கள் வழக்கப்படி அவன் அவள் கையைப் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "அப்படிப் போடு!" என்று யாரோ கத்தினார்கள். ரெண்டாவது சரணத்தில், அவன் காதோரம் சொல்லிக்கொடுத்தபடியே, தாத்தா பேர் சரியாக வந்தது.

கடைசி வரியை நாங்கள் பாடுவதில்லை. பேச்சாகச் சொல்லி முடிப்போம். அந்த இடம் வந்ததும் நாப்லா நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"மூணு பேரும் வீடு வரல, விளக்கு மட்டும் எரியுது," என்றான் மக்தாரா, அந்தக் கரகரத்த குரலில்.

பப் அதிர்ந்தது. பெருமையில் நான் அழுதேவிட்டேன், மறைக்கவும் இல்லை.

"பாஸ்டன்ல கடைசி வரிய யாரு சொன்னா?" என்று கேட்டான்.

"நான்தான்."

"அதான் சரியில்ல." அவன் இன்னும் கையை விடவில்லை. "அடுத்து எப்பப் போறோம்?"