பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட சொல்

சனிக்கிழமை பின்னேரம் பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைக்கு அந்தப் பக்கமிருந்து கட்டலின் என்ற பாஸ்க் கிழவி அந்தச் சொல்லைச் சொன்னபோது, பீலிக்ஸ் பாதருக்கு மூச்சு நின்று பிறகுதான் வந்தது. இருபத்தேழு வருடமாக அவர் தேடிய சொல். எந்தப் பாவத்தோடு சேர்ந்து அது வந்தது என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவனுக்கு அந்தக் கூண்டுக்குள்ளும் இடமுண்டுதான், ஆனால் எனக்கும் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. பாவமன்னிப்பு ஜெபத்தை பாதர் வழக்கத்தைவிட மெதுவாகச் சொல்லி முடித்தார்.

பாதர் யாழ்ப்பாணத்து இளவாலைக்காரர். பிராங்பேர்ட்டில் ஒரு பங்கின் குரு. வந்த புதிதில் ஸ்பானியத் தொழிலாளர்களுக்குப் பூசை வைக்க அனுப்பினார்கள். அவர்களில் சிலர் கோபம் வந்தால் மட்டும் ஸ்பானிய மொழியை விட்டுவிட்டு வேறெதிலோ திட்டுவதைக் கவனித்தார். அது பாஸ்க் மொழி, அக்கம்பக்கத்து மொழி எதனோடும் ஒட்டுறவு இல்லாதது என்று தெரிந்ததும் ஆளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வசவுகளில் தொடங்கியவர், கட்டலின் பிறந்த மலைப் பள்ளத்தாக்கின் பேச்சுக்கு அகராதியே செய்ய உட்கார்ந்துவிட்டார். சொந்த அண்ணன் டெலிபோனில், "உனக்கென்ன விசரே?" என்று கேட்டார். பாதர் ஓம் என்றார்.

அந்த அகராதி இப்போது அச்சுக்குப் போகிறது. நான் சொன்ன சொல், இருநூற்றைம்பது வருடப் பழைய கையெழுத்துப் பிரசங்கம் ஒன்றில் ஒரேயொரு தடவை வருகிறது. பிரதி எடுத்தவர் விட்ட பிழை, அப்படியொரு சொல்லே கிடையாது என்பது லைப்சிக்கில் இருக்கும் பதிப்பாசிரியரின் கட்சி. உயிரோடிருக்கும் யாராவது சொல்லி ஒலிப்பதிவு வந்தால் வைக்கலாம், வியாழன் மாலைவரை பொறுப்பேன், பிறகு நீக்கிவிடுவேன் என்று எழுதியிருந்தார்.

கூண்டுக்குள் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து எதுவும் செய்யவும் கூடாது என்பதுதான் குருமாரின் பாடு. கிழவியிடம் போய் மெல்லப் பேச்சைத் திருப்பினாலும் அது திருட்டு என்று பாதர் நினைத்தார். மூன்று நாள், சாப்பாட்டில் உப்பில்லாததுகூடத் தெரியாமல் சாப்பிட்டார்.

புதன்கிழமை கட்டலினோடு ஒலிப்பதிவு. அது போன மாதமே குறித்த நாள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே இரண்டு வருடமாக அகராதியைத் தட்டச்சு செய்யும் ஆதிரை, கேட்கவேண்டிய சொற்களைப் பட்டியல் போட்டு வந்திருந்தாள். பாதர் பேனாவை எடுத்து, அந்தச் சொல் இருந்த ஏழாவது வரியை அடித்தார்.

"இதைக் கேக்கவேண்டாம்."

"என்ன பாதர், விளையாடுறியளே? லைப்சிக்காரர் தந்த டெர்மின் நாளையோட முடியுது. இவவை விட்டா வேற ஒருத்தரும் இல்லை."

"ஓம், தெரியும்."

"ஏனெண்டாவது சொல்லுங்கோ."

"ஏலாது, பிள்ளை."

ஆதிரை ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்த சத்தத்தில் அவளுடைய கோபம் முழுவதும் இருந்தது.

கட்டலின் நடக்கப் பிடிக்கும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பங்குமனைக்கு வந்தாள். எண்பத்தெட்டு வயது. ஆடு, வேலி, பனி, மருமகள்கள் என்று ஒரு மணிநேரம் பேசினாள். பாதர் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, வாயே திறக்கவில்லை. ஆதிரை ஆறிலிருந்து எட்டுக்குத் தாவினாள். பட்டியல் முடிந்தது. எல்லாம் போச்சு என்று பாதர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார், அழுகையும் வரப் பார்த்தது.

ஆதிரையின் அம்மா கொழுக்கட்டை கொடுத்துவிட்டிருந்தா. கோபம் வேறு, விருந்தாளி வேறு என்று ஆதிரை குசினிக்குப் போய் அதைச் சூடாக்கி வந்து, ஒன்றைப் பிய்த்துக் கிழவியின் தட்டில் வைத்தாள். ஆவி எழுந்தது. கட்டலின் குனிந்து, கண்ணை மூடி, அதை முகத்தில் வாங்கிக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னாள். நல்ல சத்தமாக, தெருவில் தெரிந்தவரைக் கூப்பிடுவதுபோல.

ஆதிரை பட்டியலில் அடித்துக் கிடந்த ஏழாவது வரியைப் பார்த்தாள். என்ன சொன்னீர்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். இதுகூடத் தெரியாதா என்று கிழவிக்கு ஆச்சரியம். குளிர்காலை கறந்த பாலிலிருந்து வருமே, ரொட்டியைப் பிய்த்தால் வருமே, மாட்டின் முதுகிலிருந்து வருமே என்று விளக்கி, இன்னும் நான்கு தடவை சொன்னாள். கோபத்தில் ஆதிரை கருவியை நிறுத்த மறந்திருந்தாள். சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது.

பாதர் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. அவருக்கு ஆடவேண்டும்போல இருந்தது, ஆடத் தெரியாது. கோயில் சாமான் அறைக்கு ஓடினார். அங்கே மணிகளுக்குச் சுவரில் நான்கு பொத்தான்கள். நான்கையும் அமுக்கினார். புதன்கிழமை, பின்னேரம் மூன்று இருபது.

பின்னாலேயே ஆதிரை ஓடிவந்தாள், மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு. "ஆர் செத்ததெண்டு ரோட்டில சனம் கேக்குது, பாதர்!"

"ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொல்லும்!" பாதர் மணிச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

யன்னலுக்கு வெளியே பால்கனிகளில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பங்குமனை வாசலில் கட்டலின் ஒரு கையால் வண்டியைப் பிடித்து, மறுகையில் பாதிக் கொழுக்கட்டையோடு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி மென்றுகொண்டிருந்தாள்.