காயத்துக்கு விடுப்பு இல்லை

விடிவதற்கு முன்பே பிரஸ் கூடம் இடிக்கத் தொடங்கிவிடும். பதினோரு இயந்திரங்களும் தகட்டின் மேல் இறங்கும்போது தரை அதிரும். அந்த அதிர்வு கால் எலும்பு வழியாக ஏறிப் பல்லில் வந்து நிற்கும். எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாடை எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. நான்காவது பிரஸ்ஸில் தங்கச்சி நின்றாள். தகட்டை அச்சுக்குள் தள்ளி, மிதியை அழுத்தி, அடிபட்டதை உருவி, அடுத்ததைத் தள்ளி. நிமிடத்துக்குப் பன்னிரண்டு.

பழுது பார்க்கும் பிட்டரின் கூடப்பிறந்தவள் என்பதால் கூடமே அவளைத் தங்கச்சி என்றது. புருஷன் விட்டுப் போனபின் அண்ணன்தான் இங்கே சேர்த்துவிட்டான். யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமானாலும் அவளைத்தான் தேடுவார்கள். கையெழுத்து அச்சில் வார்த்தது போல இருக்கும்.

ஒவ்வொரு பிரஸ்ஸின் வாயிலும் ஒரு சென்சார் உண்டு. கை குறுக்கே போனால் இயந்திரம் அப்படியே நின்றுவிடும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்குப் பட்டாலும் அது நிறுத்திவிடும், உற்பத்தி குறையும். மூன்று வாரத்துக்கு முன்பு மேனேஜர் பிட்டரை அழைத்து, ஏற்றுமதிச் சரக்குக் கப்பல் போகும்வரை இரண்டே நாளைக்கு, குறுக்கே எது போனாலும் இயந்திரம் நிற்காதபடி சென்சாரை மறித்து ஒரு ஒயர் போடச் சொன்னார். அவன் போட்டான். கப்பல் போய், அடுத்த கப்பலும் போயிற்று. ஒயர் அங்கேயே கிடந்தது. இரண்டு தடவை நினைவுபடுத்தினான். மூன்றாவது தடவை வாயைத் திறக்கவில்லை.

அன்று காலை ஆறரை மணிக்கு ஒரு தகடு அச்சில் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. தங்கச்சி அதை நேராக்கக் கையை விட்டாள். கால் மிதியிலேயே இருந்தது. பிட்டர் கூடத்தின் மறுகோடியில் இருந்தான். அலறல் கேட்கவில்லை, நான்காவது பிரஸ்ஸின் தாளம் தப்பியது மட்டும் கேட்டது. ஓடி வந்தபோது அவள் வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் கம்பெனி கார் வந்து நின்றது. பாதுகாப்பு அதிகாரி இறங்கி, சும்மா வந்து உட்கார்ந்தால் போதும், வேலை எதுவும் இல்லை என்று தன்மையாகச் சொன்னார். அடிபட்டவர் ஒரு நாள் வராவிட்டாலும் கடல் கடந்த தலைமை அலுவலகத்துக்கு அது விபத்து என்று போய்ச் சேரும். வந்து வருகை அட்டையை அடித்துவிட்டால் வெறும் காயம். டிரிப் ஊசியைக் கழற்றி அவளை ஏற்றினார்கள். ஆபீஸை ஒட்டிய கண்ணாடி அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நடந்தது தன் கவனக்குறைவு என்ற தாளில் அவளால் கையெழுத்துப் போட முடியவில்லை. இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி உருட்டினார்கள்.

பத்து மணிக்கு மேனேஜர் அறையில் பிட்டர் முன்பும் கையெழுத்துக்காக ஒரு தாளை வைத்தார்கள். சென்சார் சரியாகவே இயங்கியது என்று எழுதியிருந்தது.

"ரெண்டு நாளைக்குன்னு சொன்னீங்க, சார்."

"நான் எங்கயாவது எழுதிக் கொடுத்தேனா?" மேனேஜர் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார். "ஒயரை மாட்டினது உங்க கை. இது வெளிய வந்தா முதல்ல போறது நீங்க. அடுத்தது உங்க தங்கச்சி."

பேனாவைத் தொடாமல் எழுந்து, நேராகக் கண்ணாடி அறைக்குப் போனான். அவள் மேசைமேல் தலை சாய்த்திருந்தாள். நெற்றி அனலாகச் சுட்டது. நாற்காலிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒயரைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னான்.

அவள் தன் வலது கையின் துணிக்கட்டைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் தினம் என்னை அங்க நிக்க விட்டியா?"



"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள். "அங்க நிக்கிறாங்களே, அவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும் நேரம். பிட்டர் கூடத்தின் நடுவில் நின்று சொன்னான். அவன் முடிக்கும் முன்பே லோடு ஏற்றுகிறவர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். பிட்டர் கையைத் தூக்கவில்லை. ஆறாவது பிரஸ்காரம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"என் பிரஸ்லயும் ஒயர் இருக்கா?"

"இருக்குக்கா. ஏழு பிரஸ்ல இருக்கு."

சட்டையைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. ஒவ்வொருவரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். ஆறாவது பிரஸ்காரம்மா சுவரோரம் போய்ப் பெரிய சுவிட்சை இறக்கினாள்.

அந்த நிசப்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். யார் நிறுத்தச் சொன்னது என்றார்.

"யாரும் சொல்லல, சார். ஒயரைக் கழட்டணும். நடந்ததை நடந்தபடி எழுதணும். அந்தப் பொண்ணு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுவரைக்கும் ஓடாது," என்றாள் ஆறாவது பிரஸ்காரம்மா.

"எல்லார் பேரையும் எழுதி மேல அனுப்புவேன்."

"எழுதிக்குங்க," என்றார் லோடு ஏற்றுகிறவர். "என் பேரை முதல்ல போடுங்க."

பிட்டர் பிரஸ்களின் மின்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். ஸ்குரூடிரைவர் இரண்டு தடவை விழுந்தது. அவன் சட்டையைப் பிடித்தவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். ஏழு ஒயர்த் துண்டுகளையும் ஆறாவது பிரஸ்காரம்மா வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். விசாரணைக்கு யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டுமே.

இரண்டு பெண்கள் தங்கச்சியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தார்கள். கேட் பூட்டியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் அடுத்த ஷிப்ட் ஆட்கள் நூறு பேர், விஷயம் கேள்விப்பட்டு உள்ளே வர மறுத்து, சாப்பாட்டுப் பையோடு தார்ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளுடைய கைக்கட்டைப் பார்த்தார். சாவியை எடுத்தார்.

அண்ணன் பக்கத்திலேயே நடந்தான்; அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். நடுவில் கால் தள்ளாடியபோது மட்டும் இடது கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளை ஏற்றிக்கொண்டு ஆட்டோ கிளம்பியதும் வழி விட்டவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். நடந்ததை நடந்தபடி இன்னும் யாரும் எழுதவில்லை. உள்ளேயிருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.