கருவுக்கு ஒரு முகூர்த்தம்

ஸ்னேஹாவின் கடைசிக் கரு இரண்டு வருடமாகத் திரவ நைட்ரஜனில் தூங்கிக்கொண்டிருந்தது. முன்பு வைத்தவை எதுவும் தங்கவில்லை. இன்று இதை எழுப்பி அவள் வயிற்றில் வைக்க வேண்டும். நேரம் குறித்தது டாக்டர் அல்ல, மாமியார் ஜகதாம்பாள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்குள். அதன் பிறகு ராகுகாலம். மல்லேஸ்வரத்தில் காபிப்பொடி வாங்கவே ராகுகாலம் பார்க்கிறவர், பேரனுக்குப் பார்க்காமல் விடுவாரா?

கருத்தரிப்பு மையத்தின் லேபிலிருந்து டாக்டர் நோரா வெளியே வந்தார்.

"எடுத்தாச்சு. ஆனா காத்துப் போன பலூன் மாதிரி சுருங்கியிருக்கு. உறைய வைக்கும்போது உள்ளே இருக்கிற தண்ணியை எடுத்துடுவோம். இல்லேன்னா அது பனிக்கட்டியாகிக் கருவைக் கிழிச்சிடும். திரும்ப விரிஞ்சா உயிர் இருக்குன்னு அர்த்தம். ஸ்வல்ப நேரம் பொறுங்க."

"விரியலேன்னா?" என்றாள் ஸ்னேஹா.

நோரா உள்ளே திரும்பக் கதவில் கை வைத்தார்.

"கொஞ்சம் சீக்கிரமா விரியச் சொல்லப்படாதோ?" என்றார் ஜகதாம்பாள்.

"சொல்லிப் பார்க்கிறேன் மேடம்."

பத்தரைக்கு ராகு டாணென்று வந்துவிட்டார். கருதான் வரவில்லை. ஆபீசில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்கும் ப்ரஹ்லாத், அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து செல்போனுக்குள் ஒளிந்துகொண்டான்.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. "விரிஞ்சிடுச்சு! வாங்க ஸ்னேஹா."

ஜகதாம்பாள் பாய்ந்து வழியை மறித்தார். "ராகுகாலத்துலயா? பன்னெண்டுக்கு மேலே அஷ்டமி. நாளைக்கு நவமி. மறுபடி ஃப்ரீசர்ல வெச்சுடுங்கோ, ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்."

"தோசை மாவு இல்லை மேடம். திரும்ப உறைய வெச்சா தாங்குமான்னு சொல்ல முடியாது."

"டேய் ப்ரஹ்லாத், வாயைத் திறந்து சொல்லேண்டா!"

அவன் திறந்தான். சத்தம்தான் வரவில்லை.

ஸ்னேஹா எழுந்தாள். "அம்மா, இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை ராகுகாலம், எத்தனை அஷ்டமி வந்து போயிருக்கும்! அதுக்கு ஒரு நாள்கூட வயசாகலை. ராகுவே அந்தக் குளிர்ல நடுங்கித் திரும்பிப் போயிருப்பார். இப்போ அதுக்கு ஆபத்து உங்களாலதான். நகருங்கோ."

ஜகதாம்பாள் மகனைப் பார்த்தார். ப்ரஹ்லாத் செல்போனைப் பைக்குள் போட்டான். அம்மாவின் தோளைப் பிடித்து மெதுவாக நாற்காலியில் உட்கார வைத்தான். "இங்கேயே இரும்மா. நான் அவகூடப் போறேன்."

கல்யாணமான ஆறு வருடத்தில் அவன் செய்த முதல் வீரச்செயல் அது.

உள்ளே, ஸ்கேன் திரையின் சாம்பல் நிறத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி நழுவி வந்து நின்றது. ஸ்னேஹா மூச்சை விடவே பயந்தாள்.

"மணியைக் குறிச்சுக்கட்டுமா?" ப்ரஹ்லாத் காதோரம் கிசுகிசுத்தான். "ஜாதகத்துக்கு அம்மா கேப்பா."

"பேசாம என் கையைப் பிடிச்சுக்கோ," என்றாள் ஸ்னேஹா, புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.