எக்ஸ்ரேயில் ஒரு சிவப்பு ஜன்னல்

ராணி என்பது அவள் பெயர் இல்லை. பெற்றவர்கள் யோசித்து நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். அதைக் கெடுத்தவன் அண்ணன். சின்ன வயதில் மிட்டாய்த் தாள், அறுந்த பட்டன், துருப்பிடித்த சாவி என்று கண்டதையெல்லாம் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு வீடு வந்தவளுக்குக் 'குப்பைராணி' என்று பட்டம் கட்டினான். வளர வளரப் பெயரிலிருந்து குப்பை உதிர்ந்து ராணி மட்டும் நின்றது. ஆனால் குப்பை அவளை விட்டதா என்றால், அதுதான் இல்லை.

அவள் ஓவியர். என்ன வரைவீங்க என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. வரைவதோடு நின்றால் சொல்லிவிடலாம். அவள் ஒட்டுவாள், தைப்பாள், சூட்டுக்கோலால் ஓட்டை போடுவாள், உப்புத்தாள் தேய்த்து அடியில் இருக்கிற நிறத்தை வெளியே இழுப்பாள். ஒரு படத்தில் துணி இருக்கும், சாக்கு இருக்கும், கிழிந்த வரைபடம் இருக்கும், அதற்கு மேல் கொஞ்சம் வண்ணமும் இருக்கும். ஊர் ஓவியர் சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் ஆறும் படகும் வரைகிறவர்கள். சங்கத் தலைவர் நீர்வண்ணத்தில் கைதேர்ந்த மனிதர். "படம்னா வரையணும்மா, ஒட்டுப்போடக் கூடாது" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்வார். வருடா வருடம் கண்காட்சியில் அவளுக்கு ஒதுக்கும் இடம் கழிப்பறைக்குப் போகிற நடைதான். அங்கேதான் டீ மேசையும் போடுவார்கள். யாரோ ஒரு மகராசன் காலி கப்பை அவள் படத்தின் சட்டத்து மேலேயே வைத்துவிட்டுப் போன கதையும் உண்டு.

வீட்டிலும் அவளுக்கு அந்த மரியாதைதான். சொந்தக்காரர் யார் வீட்டைச் சுத்தம் செய்தாலும் தூக்கி எறிய மனசு வராத சாமானெல்லாம் பை பையாக அவள் வாசலுக்கு வந்து சேரும். அப்படித்தான் அண்ணி ஒருநாள் பரணைத் துடைத்த கையோடு ஒரு பெரிய பழுப்பு உறையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள்.

"இந்தா, உங்க குடும்பத்து எலும்பெல்லாம் இதுக்குள்ள இருக்கு. குப்பையில போடப்போனேன், உன் ஞாபகம் வந்துச்சு."

"குப்பைன்னா என் ஞாபகமா அண்ணி?"

"பின்னே, நகையைப் பார்த்தா உன் ஞாபகம் வருமா?"

உள்ளே அத்தனையும் எக்ஸ்ரே படங்கள். அப்பாவின் முழங்கால், அம்மாவின் மணிக்கட்டு. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணன் மரத்திலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட கை. அப்புறம் அண்ணனின் நெஞ்சு, இப்போதைய வேலையில் சேர்ந்தபோது எடுத்தது. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு கறுப்பை எந்தக் கடையில் வாங்க முடியும்!

அன்றைக்கே வேலையில் இறங்கிவிட்டாள். யாருடைய எலும்பு என்பது ஊருக்கு எதற்கு என்று பெயர் அச்சிட்ட ஓரங்களை நறுக்கினாள். படங்களை ஒன்றோடொன்று கறுப்பு நூலால் தைத்து, பின்னால் பால்நிறக் கண்ணாடித் தகடு வைத்து, அதற்கும் பின்னால் விளக்கைப் பொருத்தினாள். பரணில் கிடந்ததால் பல படங்களில் பூசணம் பிடித்திருந்தது. அது பெரிய விஷயமில்லை. துணி வெளுக்கிற ப்ளீச்சைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு வைத்தால் பூசணமும் போகும், படத்தின் கறுப்பும் கரைந்து வெறும் பிளாஸ்டிக் தெரியும். அப்படிக் கரைத்துக் கரைத்தே இலை, கொடி எல்லாம் வரைந்தாள்.

அண்ணனின் நெஞ்சுப் படத்தை மட்டும் தொடவில்லை. அது அப்படியே அழகாக இருந்தது. ஒரே ஒரு குறை. இடதுபக்கம், மேல் விலா எலும்புகளுக்கு இடையே, சாம்பல் பூத்தாற்போல் ஒரு மங்கல். கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. சனியன், இங்கேயும் பூசணமா என்று பஞ்சுக்குச்சியை எடுத்து, அந்த மங்கல் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும், விளிம்பு பிசகாமல் அழித்தாள். உண்டான வட்டத்துக்குப் பின்னால் சிவப்பு மெல்லிய தாளை ஒட்டிவிட்டு, எல்லாவற்றையும் தகட்டோடு பசை வைத்து ஒட்டினாள். விளக்கைப் போட்டதும் அந்த ஒரு புள்ளி கனன்றது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் தன் படத்தைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது அதுதான் முதல் தடவை.

தலைவர் படம் தேர்வு செய்ய வந்தார். கிட்டே போனார், எட்டி வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அந்தச் சிவப்புப் புள்ளிதான் இதுக்கு உயிர்," என்றார். "நடுச்சுவர்ல மாட்டலாம்."

"உங்க ஆறும் படகும்?"

"அது எங்கேயும் போகாது. இந்த வருஷம் டீ மேசைகிட்ட நான் நின்னுக்கறேன்."

ராணிக்குத் தலைகால் புரியவில்லை.

கண்காட்சி அன்று காலையில் அண்ணி போன் செய்தாள். குரலே சரியில்லை.

"ராணி, உன்கிட்ட ஒரு எக்ஸ்ரே உறை கொடுத்தேனே, அதுல உங்க அண்ணனோட நெஞ்சுப் படம் இருந்துச்சா?"

"ஏன் அண்ணி?"

"இருமல் நிக்கவே இல்லைன்னு படம் எடுத்தாங்க. நுரையீரல்ல ஒரு புள்ளி தெரியுதாம். பழைய படம் இருந்தா கொண்டாங்கன்னு டாக்டர் சொல்றாரு. அப்பவே இருந்து இதே அளவுல இருந்தா பழைய தழும்பு, பயமில்லையாம். அப்போ இல்லாம இருந்தாலோ, வளர்ந்திருந்தாலோதான்..." அண்ணி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "ஸ்கேனும் எடுப்பாங்களாம். ஆனா வளர்ந்துச்சா இல்லையான்னு பழசு இருந்தாத்தானே தெரியும்? எடுத்த இடத்துல கேட்டேன், அந்தக் கடையை மூடியே வருஷமாகுது. நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்கணும்."

ராணிக்கு அந்தச் சாம்பல் மங்கல் ஞாபகம் வந்தது. இடதுபக்கம், மேல் விலா. எந்தப் பக்கம் என்று கேட்க வாய் வரவில்லை.

"தேடிப் பார்க்கறேன் அண்ணி," என்றாள்.

தேடுவதற்கு என்ன இருக்கிறது? படம் நடுச்சுவரில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இன்று ஒரு சாயங்காலம் மட்டும் தொங்கட்டும், நாளைக் காலையில் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டாள். போட்ட உடனே தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனாலும் கணக்கை மாற்றவில்லை. ஆசை அப்படிப்பட்டது, கூடப்பிறந்தவன் நெஞ்சையும் சுவரில் மாட்டி வேடிக்கை பார்க்கச் சொல்லும்.

சாயங்காலம் கூடம் நிரம்பியிருந்தது. எல்லாரும் நடுச்சுவருக்கு முன்னால்தான் கூடினார்கள். ஆளாளுக்கு அந்தச் சிவப்புப் புள்ளியைப் பற்றி ஒன்று சொன்னார்கள். காதல் என்றார் ஒருவர். கோபம் என்றார் இன்னொருவர். ராணி சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாள். அந்தப் புள்ளியைப் பாராட்டிய ஒவ்வொரு சொல்லும் முள்ளாகத் தைத்தது. அதை முதலில் பார்த்தவள் அவள். அண்ணன் வேலையில் சேர்ந்தபோது சோதித்த டாக்டர் கண்ணில் படாதது அவள் கண்ணில் பட்டது. பட்டும் என்ன செய்தாள்? படத்துக்கு ஆகாது என்று அழித்தாள். இது என்ன என்று அன்றைக்கே ஒரு வார்த்தை யாரிடமாவது கேட்டிருந்தால்?

அந்த நேரம் பார்த்து அண்ணனும் அண்ணியும் உள்ளே வந்தார்கள். அண்ணன் இளைத்திருந்தான். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. இதைக்கூட இத்தனை நாள் கவனிக்கவில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது.

"அடேங்கப்பா, குப்பைராணிக்கு நடுச்சுவரா!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். இரண்டு தடவை இருமினான். படத்தின் முன் நின்று, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். "யாருடி இவன், நெஞ்சுல விளக்கு வச்சுக்கிட்டு நிக்கறான்? நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கலையெல்லாம் தெரியாது. ஆனா அந்தச் சிவப்பு இருக்கு பாரு, அதுகிட்டயிருந்து கண்ணை எடுக்க முடியல."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அண்ணா, அது நீதான்," என்றாள். "அது உன் படம். காலையிலேயே எனக்குத் தெரியும். அண்ணிகிட்ட தேடறேன்னு பொய் சொன்னேன். இன்னைக்கு ஒருநாள் இங்க இருக்கட்டும்னு நினைச்சேன்."

அண்ணி வாயில் கை வைத்தாள். அண்ணன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். தன் இடது மார்பில் கையை வைத்துத் தேய்த்தான்.

"அந்த இடம்தான்," என்றான் மெதுவாக.

ராணி விளக்கின் ஒயரைப் பிடுங்கினாள். கூட்டம் 'ஐயோ' என்றது. "என்னம்மா பண்ற!" என்று தலைவர் ஓடிவந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. சட்டத்தின் மறுமுனையைப் பிடித்து இறக்கி, டீ மேசையில் இருந்த கப்புகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, அதன்மேல் படத்தைக் கிடத்தினார். கூடத்து மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறையிலிருந்து தலைமுடி காயவைக்கும் ட்ரையரைக் கொண்டுவரச் சொன்னார். அவர் சூட்டுக் காற்றைப் பிடித்துக்கொள்ள, அவள் பசை இளக இளகத் தட்டைக் கத்தியை நுழைத்து நெம்பினாள். தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். அப்பாவின் முழங்கால் கிழிந்தது. அம்மாவின் மணிக்கட்டு இரண்டாக மடங்கியது. அவள் நிறுத்தவில்லை. எத்தனையோ மாத உழைப்பு மேசைமேல் நாராகக் கிடந்தது. அதற்காக அவளுக்கு அப்போது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்பதுதான் உண்மை.

கடைசியில் அண்ணனின் நெஞ்சு தனியே வந்தது. பின்னால் ஒட்டியிருந்த சிவப்புத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். வெறும் வட்டம் மிஞ்சியது. அதன் வழியாக மேசையின் மரம் தெரிந்தது.

"இதை வச்சு டாக்டர் என்ன பார்ப்பாரு?" என்று அண்ணி அழுதாள். "நான்தானே தூக்கிக் கொடுத்தேன். என் கையை உடைக்கணும்."

"ரெண்டு பேரும் பங்கு போட்டு அழுங்க," என்றான் அண்ணன். "எனக்கு ஒரு டீ கிடைக்குமா, இல்லை அதையும் கொட்டிட்டீங்களா?"

மறுநாள் காலை டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகிவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். எனக்கு வேண்டிய இடமே இதுதானே, இங்கே ஓட்டை இருக்கிறதே என்றார். ராணி நடந்ததைச் சொன்னாள்.

"அந்த மங்கல் எவ்வளவு பெரிசா இருந்துச்சு?"

"இந்த ஓட்டை அளவுதான், டாக்டர்."

"அப்படி எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"என் வேலையே அதுதான். மங்கல் இருந்த இடத்தை மட்டும்தான் தொட்டேன். ப்ளீச் கொஞ்சம் வெளியே ஓடும், உள்ளே ஓடாது. அதனால ஓட்டை மங்கலைவிடக் கூடவே இருக்கும். குறையாது."

டாக்டர் ஓட்டையின் விளிம்பை உற்றுப் பார்த்தார். இதை ஆதாரம் என்று எழுத முடியாது என்றார். ஆனாலும் புதுப் படத்தை எடுத்து, பழையதன் பின்னால் செருகி, விலா எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை மெல்ல மெல்ல நகர்த்தினார்.

என்ன பார்க்க வேண்டும் என்று ராணிக்குத் தெரிந்துவிட்டது. புள்ளி வளராமல் இருந்தால் அந்த ஓட்டைக்குள் ஓரமாகக் கொஞ்சமாவது கறுப்பு தெரியும். மெல்லிய வளையமாக, நூல் அளவுக்காவது தெரியும். அவள் வாழ்நாளில் ஒரு நிறத்துக்காக இப்படி ஏங்கியதில்லை. கொஞ்சம் கறுப்பு போதும், கடவுளே, கொஞ்சம் கறுப்பு.

எலும்புகள் பொருந்தின. ஓட்டை முழுக்க வெள்ளை. ஓட்டையைத் தாண்டி, பழைய கறுப்புக்கு அடியிலும், வெள்ளை சுற்றிலும் மங்கலாகப் பரவியிருந்தது.

டாக்டர் அளவுகோலை எடுத்துக் குனிந்தார். அண்ணன் வெளிச்சப் பெட்டியைப் பார்க்கவில்லை. ராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை ஜில்லென்று இருந்தது.

"நீ சொல்லு ராணி," என்றான். "அவர் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிடு. நீ சொன்னா எனக்குப் பயம் கொஞ்சம் குறையும்."

"வளர்ந்திருக்கு அண்ணா," என்றாள்.