அழிக்காதே 3

எங்கள் வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால், வேறு யாராவது வந்து விடுவித்தால்தான் எழுந்திருக்க முடியும். ஹாலில் இடமில்லை என்று அதைப் படுக்கையறை மூலையில், சுவருக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில் செருகியிருந்தார்கள். பீரோவின் பூட்டு கெட்டது. அதன் கதவு தானாகவே திறந்து வந்து நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவருக்குக் கை எட்டாது. "யாராவது பீரோவைச் சாத்துங்களேன்!" என்று கத்த வேண்டும். மூன்று வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாசம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் மாமனார் வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியிருந்தார்கள். அந்த இரண்டு மாசம்தான் இன்னும் முடியவில்லை. நான் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு சட்டையைத் தைப்பதற்கு முன்னால் அதன் கை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்து வெட்டிக் கொடுப்பவள். இங்கே சாப்பாட்டு மேஜைதான் என் கட்டிங் டேபிள். யாருக்காவது பசித்தால் என் பிழைப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும்.

வெளியூர் ஆடைத் தொழிற்சாலை ஒன்று ஆள் எடுத்தது. குடியிருக்க இரண்டு அறை வீடும் தருவதாகச் சொன்னார்கள். சட்டைக்கு முழு பேட்டர்ன் வெட்டிக் காட்டும் வீடியோவை அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். துண்டு துண்டாக எடுத்ததையெல்லாம் கணினியில் ஏற்றி ஒட்டிவிட்டு, ஒரே வீடியோவாகச் சேமிக்கும் பட்டனை அழுத்தினேன். டிஸ்க்கில் இடம் இல்லை என்றது சனியன். போனிலேயே செய்யக் கூடாதா என்று கேட்காதீர்கள். அந்தப் போனும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், வயிறு முட்டிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கணினிக்குச் சொந்தமான ஃபோல்டர்களில் கை வைக்கக் கூடாது என்ற அளவுக்கு எனக்குப் புத்தி உண்டு. தற்காலிகக் கோப்புகளை நீக்கினேன். பிரவுசர் சேர்த்து வைத்திருந்த குப்பையை நீக்கினேன். யாரும் தொடாத இரண்டு கேம்களை நீக்கினேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. டிஸ்க் நிரம்பிவிட்டதைக் காட்டும் சிவப்புக் கோடு சிவப்பாகவே இருந்தது. சரி, யார்தான் இவ்வளவையும் அடைத்திருக்கிறார்கள் என்று அளவு வாரியாகப் பார்த்தேன். 'முக்கியம்', 'முக்கியம் நகல்', 'மிக முக்கியம்', 'அழிக்காதே 3'. நான்கும் மாமாவுடையவை, நான்கும் ஒரே அளவு.

மாமா ஓர் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பல்பு வாங்கினால் பல்பையும் படம் எடுப்பார், அட்டைப்பெட்டியையும் படம் எடுப்பார். அத்தையின் கடைசி வருஷத்து வீடியோக்கள், ஸ்கேன் படங்கள், குழாய் ஒழுகியபோது எடுத்த படம் எல்லாம் அந்த ஃபோல்டர்களில் இருந்தன. தனியாக ஒரு டிஸ்க் வாங்கி வைக்கலாம் என்று முன்பே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஸ்டோர் சரக்கு வெளியே போகக் கூடாது என்றுவிட்டார்.

அவரைக் கூப்பிட்டேன்.

"மாமா, நாலும் ஒண்ணுதான். மூணை எடுத்துடவா?"

"ஒண்ணு போனா இன்னொண்ணு வேணும்ல?"

"போறதுன்னா டிஸ்க்கே போகும் மாமா. நாலு மூட்டையையும் ஒரே லாரியில ஏத்திட்டு பத்திரம்னு சொன்னா எப்படி? லாரி கவுந்தா?"

லாரி என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வாடிப்போயிற்று.

"அப்ப இத்தனை நாளா நான் பத்திரமாவே வெக்கலியா?"

எனக்குப் பாவமாக இருந்தது. முதல் சம்பளத்தில் தனி டிஸ்க் வாங்கித் தருவதாகச் சொன்னேன். மூன்று நகல்களையும் குப்பைத்தொட்டிக்குத்தான் நகர்த்துகிறேன், அசல் ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சொன்ன பிறகுதான் தொட்டியைக் காலி பண்ணுவேன், அதுவரை ஒன்றும் போகாது என்றும் சொன்னேன். அவரையே பீரோவைச் சாத்தச் சொல்லி எழுந்து, என் நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் கையில் தேநீரோடு வாசல்படியில் நின்றிருந்தார்.

"இடம் கிடைச்சிடுச்சா?"

"கிடைச்ச மாதிரிதான். மாமா சரின்னா குப்பைத்தொட்டியக் காலி பண்ணணும், அவ்வளவுதான்."

"காலி பண்ணலேன்னா?"

"அப்புறம் எங்கேந்து இடம் வரும்? அது டிஸ்க்லயேதானே கிடக்குது."

"ஓ," என்றார். தேநீரைக் குடித்துவிட்டுத் தம்ளரை என்னிடம் கொடுத்தார்.

நான் சமையலை முடித்தேன். "எல்லாம் திறக்குதும்மா! உங்க அத்தை சிரிக்கிறதுகூட நல்லாக் கேக்குது! பீரோவைச் சாத்து!" என்று மாமா குரல் கொடுத்தார். சாத்தி அவரை வெளியே எடுத்தேன். பரிமாறி, நானும் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவதற்குள் மாமா கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகுப்பக்கம் பீரோ திறந்து இடித்தது.

குப்பைத்தொட்டி காலி. அட, மாமாவே செய்துவிட்டாரே என்று ஒரு நொடி குளிர்ந்துபோனேன். பிறகு சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். நாலு ஃபோல்டரும் பழைய இடத்திலேயே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தன. யாரோ எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்திருக்கிறார்கள்.

"மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பதறி எழுந்தார். "சரின்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணலாமா? எனக்கு இருக்கிறது ஒரே ஒரு வழி, அதையும் அடைக்கணுமா? வேண்டாம்னா மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"என்னம்மா சொல்ற? நான் எதைத் தொட்டேன்?"

"குப்பைத்தொட்டியில கிடந்ததையெல்லாம் யாரு எடுத்தா?"

"அதுக்குள்ளேந்து எடுக்க முடியுமா?" என்றார் மாமா. அவர் குரலில் துளிகூட நடிப்பில்லை. "எனக்கு அதைத் திறக்கவே தெரியாதும்மா. என்னிக்காவது எதையாவது தூக்கிப் போட்டிருந்தாத்தானே தெரியும்?"

உண்மைதான். வாழ்நாளில் எதையும் எறியாத மனுஷன். இந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். நான் எடுக்கவில்லை, அவருக்கு எடுக்கத் தெரியாது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. மாமாவும் மெல்லத் திரும்பி வாசல்படியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றிருந்தார்.

"நீங்களா?" என்றேன்.

அவர் அங்கிருந்து நகரப் பார்த்தார்.

"கேக்கறேன்ல? நீங்களா எடுத்து வெச்சீங்க?"

"உக்காராம நின்னுக்கிட்டே எடுத்து வெச்சேன். இடம் இல்லேன்னு ஆயிட்டா நீயே விட்டுடுவேன்னு நினைச்சேன்," என்றார் தரையைப் பார்த்து. "அங்க வந்து நான் என்ன பண்றது? உனக்குக் குடுத்த வீட்டுல நான் உக்காந்திருக்கணும். அக்கம்பக்கத்துல என்னை யாருன்னு சொல்லுவாங்க? பேட்டர்ன் மாஸ்டர் வீட்டுக்காரர்னு. வேற என்ன இருக்கு எனக்கு?"

"இங்க என்னை யாருன்னு சொல்றாங்க?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தெருவில் என் தொழில் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போய் அழக்கூட வழியில்லை, பின்னால் பீரோ.

மாமா கட்டிலைவிட்டு எழுந்து என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

"அந்த மூணையும் எடும்மா. தொட்டிக்கும் போக வேண்டாம், ஒரேயடியா எடுக்க வழி இருக்குதா?"

"இருக்கு மாமா. எடுத்தா திரும்ப வராது."

"அசலைத்தான் பாத்துட்டேனே. எடு."

மூன்று நகல்களைத் தேர்ந்தெடுத்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. அசல் அதில் இல்லையே என்று பெயர்களை இன்னொரு தரம் வாய்விட்டுப் படித்தேன். அவர் தலையாட்டினார். அழுத்தினேன். சிவப்புக் கோடு பாதியாகச் சுருங்கி நீலமாயிற்று. வீடியோவைச் சேமிக்கவிட்டேன், அனுப்பத் தொடங்கினேன். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், வந்து சேர்ந்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"வேலை கிடைச்சா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் போறேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

மாமா பீரோவைச் சாத்தக் கையை நீட்டினார்.

"நீங்க இருங்க மாமா," என்றேன். "அவரே சாத்தட்டும்."

மாமா கையை இழுத்துக்கொண்டார். நான் நாற்காலியில் திரும்பாமல் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் முதுகுப்பக்கம் கதவு நகர்ந்தது.