திரைக்குப் பின்னால் அழுத்தியவள்

அக்காவும் தம்பியும் ஒரே கம்பெனி. அக்கா வீடியோ கேம் செய்பவள். தம்பி அதை மேடையேறி அறிவிப்பவன். சின்ன வயதில் இவள் எழுதிக்கொடுத்த கட்டுரையை அவன் வகுப்பில் வாசித்துப் பேர் வாங்கினானாம். அதெல்லாம் நமக்கெதற்கு.

கல்யாணப் பேச்செடுத்த அம்மாவிடமே "கேம் வரட்டும்" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டு அவள் செய்த கேமில் சண்டை கிடையாது. ஒரு கலங்கரை விளக்கம், பனிமூட்டம், கரை திரும்ப வேண்டிய ஒரு படகு. விளக்கை ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இருக்கிறபடியே காட்டினால்தான் சம்மதம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தம்பியும் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

இந்த மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவன் கன்ட்ரோலரைச் சும்மா ஆட்டுவான். நிஜமாக விளையாடுவது திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வேறொருவர். அன்று அது அக்கா.

அரங்கம் இருண்டது. விளக்கேற்றும் பட்டனை அழுத்தினாள். திரையில் கடல் பிளந்து மூன்று தலை மிருகம் ஒன்று எழுந்தது. முரசு அதிர்ந்தது. பாவம், தன் வேலையில்தான் ஏதோ கோளாறு என்று பதறி, மிருகத்தை மறைக்க எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்தாள். தம்பியோ இதை இப்போது தானே விளையாடுவதாகச் சொல்லிக் கன்ட்ரோலரைக் குலுக்கினான். கூட்டம் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடுவது முன்பே தயாரித்து வைத்த வீடியோ. தன் கையிலிருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலாளி வந்து அவளிடம் கைகுலுக்கி, மிருகத்தை எப்போது செய்துமுடிப்பாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா."

"சொன்னா நீ விடுவியாக்கா? பனியைக் காட்டியிருந்தா பாதிப் பேர் தூங்கியிருப்பாங்க."

"அப்புறம் எதுக்குடா என்னை அங்க உட்கார வச்ச?"

"கூட்டத்துல இருந்திருந்தா எழுந்து சத்தம் போட்டிருப்ப." முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

வாசலில் ரசிகர்கள் அந்த மிருகம்போலவே உறுமிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு கண்ணாடிக்காரப் பெண்ணிடம் போய், கேமைச் செய்ததே நான்தான், அதில் மிருகமே கிடையாது என்றாள் அக்கா. அந்தப் பெண் அவளுடைய கசங்கிய சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவர் விளையாடினதைக் கண்ணால பார்த்தேனேக்கா," என்றாள் ஆறுதல் சொல்வதுபோல. "உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க."