புல் திணித்த டயரும் இறங்கி நடந்தவளும்

1

இந்தக் கதை ஒரு கேள்வி பதிலிலிருந்து வந்தது. ஒரு பத்திரிகையில் வாகனப் பராமரிப்புப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். "பஞ்சரான டயரைத் தற்காலிகமாகச் சரிசெய்து ஓட்டுவது பாதுகாப்பானதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மெதுவாக ஓட்டுங்கள், கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டுங்கள், பாரத்தைக் குறையுங்கள் என்று எழுதினேன். மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது. காரில் ஏறும் பாரம் பெரும்பாலும் மனிதர்கள்தானே. யாரை இறக்குவது?

2

முதல் தொடக்கம்: 'ஸ்பிரிங்வெளி மலைமேல் பனி மெல்ல விலக...' (வேண்டாம். பனிக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: 'ஸ்பெயர் டயர் இல்லாமல் கிளம்பியது டிரைவர் ஜௌபரின் தப்பு. அதை அவரே...' (உண்மைதான். ஆனால் கதை அவருடையதில்லை.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

1954, இலங்கை மலையகம், காலை ஏழரை மணி. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை நகரத்துக்கு இறங்கும் பாதையில் ஜௌபரின் வாடகைக் கார் முன் டயர் வெடித்து நின்றது. இராக்கம்மாவின் கண் உடனே போனது கணவன் இராமையாவின் சட்டைப் பையிலிருந்த கடிதத்தின் மேல். பத்து மணிக்குப் பதுளையில் பிரஜாவுரிமை, அதாவது குடியுரிமை, விசாரணை. அவர்கள் இருவர், லயத்து வரிசையில் பக்கத்து வீட்டில் விட்டு வந்த மூன்று பிள்ளைகள், ஆக ஐந்து பேரும் ஒரே விண்ணப்பத்தில். இராமையா நேரில் நிற்காவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும்.

இன்னும் நாலு மைல். இராக்கம்மாவுக்கு அது நடக்கிற தூரம்தான். இராமையாவால் முடியாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி முழங்காலில் இறங்கியதிலிருந்து, பத்து எட்டு வைத்தால் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் வேறு வண்டி வருவதுமில்லை.

3

டியூப் இரண்டாகக் கிழிந்திருந்தது. ஜௌபர் மேட்டில் ஏறி மானாப்புல் அறுத்தார். இராக்கம்மாவும் அறுத்தாள். டியூபுக்குப் பதில் புல்லைத் திணித்து, அந்தச் சக்கரத்தைப் பின்னால் மாட்டி, பின்னாலிருந்த நல்ல சக்கரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். (முன் சக்கரம் கைவிட்டால் ஸ்டியரிங்கும் கைவிடும்.)

"ஜௌபர் நானா, இது தாங்குமா?"

"தாங்கும்னு சத்தியம் பண்ண ஏலாது தங்கச்சி. புல்லு நசுங்கும், டயர் கழண்டாலும் கழலும். மெதுவாப் போனாப் போவலாம். பாரம் கொறஞ்சா நல்லம்."

இராக்கம்மா பாதையோரத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அவரக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் நடந்து வர்றேன்."

"ஏன் புள்ள, ஏறு. நீ ஒரு பாரமா?" என்றான் இராமையா.

"நடக்குறேங்க."

4

ஏன் இறங்கினாள்? பாரம் குறையட்டும் என்று முதலில் எழுதினேன். கொழுந்துக் கூடை அளவுக்குக்கூடக் கனமில்லாதவள் அவள். அந்தக் காரணம் நிற்கவில்லை. பயம் என்று எழுதி அடித்தேன். பிறகு வந்தது இது: கார் உருண்டால், லயத்தில் இருக்கும் மூன்று பேருக்கு ஒருத்தராவது மிஞ்ச வேண்டும்.

எழுதிய பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. ஏனென்றால் அப்படிப் பார்த்தால், காருக்குள் உட்கார்ந்திருப்பவனை அவள்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

5

கார் ஆள் நடக்கும் வேகத்தில் இறங்கியது. இராக்கம்மா பின் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தாள். இரண்டாவது மைலில், ஒரு வளைவில், டயரின் ஓரத்தால் புல் பிதுங்கி வந்தது. காரின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி இழுபட்டது.

"இராமையா!"

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் கணவன் பெயரைச் சொன்னதில்லை.

ஓரத்துக் கல்லில் முட்டிக் கார் நின்றது. ஜௌபர் இறங்கி, கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். இராமையா உள்ளேயே இருந்தான்.

"நீ ஏறாதது நல்லதாப் போச்சு," என்றான்.

 அவள் போய்ப் புல் அறுத்தாள். திரும்பத் திணித்தார்கள்.

முதல் தடவை இறங்கியதை எழுதுவது எளிது. இப்போது என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டாள். இராமையா உட்கார்ந்திருக்க, ஜௌபர் கதவைத் திறந்து பிடித்தார். இந்தத் தடவையும் அவள் ஏறவில்லை.

6

பத்து மணி பத்து நிமிஷத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெயரை ஒரு தடவை கூப்பிட்டாயிற்று. யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் அவளுடைய சேறு படிந்த காலைப் பார்த்தார். "ரெண்டாந்தரம் கூப்பிடத்தான் வந்தனான். உள்ளுக்கு வாங்கோ."

ஐந்து பேருக்கும் அடுத்த வருஷம் உரிமை கிடைத்தது. (அந்த ஆண்டுகளில் கிடைக்காதவர்களே அதிகம். இவர்களுக்குக் கொடுத்தேன், அதற்குச் சமாதானம் சொல்லப் போவதில்லை.)

7

திரும்பும்போது புது டியூப். இருவரும் பின் சீட்டில்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டியே," என்று இராமையா சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்லணுங்க," என்றாள்.

ஒரு முடிவில், தான் ஏன் ஏறவில்லை என்பதை அவள் சொல்லிவிடுகிறாள். அவன், "நானும் அதத்தான் நெனச்சேன்," என்கிறான். இன்னொன்றில், "காலு வலிக்குது" என்று பேச்சை மாற்றுகிறாள். அவன் அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறான். இரண்டையும் பல தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஜௌபர் பின்னால் திரும்பாமல் ஓட்டுகிறார். இரண்டிலும் பொழுது சாயுமுன் அவர்கள் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறார்கள். அவள் வாயைத் திறக்கிறாளா என்பது மட்டும் பாக்கி. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.